நம் ஊர்ப் பள்ளி எந்த ஆண்டில் பிறந்தது? – பெயர்ப்பலகையும் சேர்க்கைப் பதிவேடும் வேறு வேறு சொல்லும்போது

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. இங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் முகப்பில் ‘நிறுவப்பட்ட ஆண்டு 1961’ என்று எழுதியிருக்கிறது. கல்வித் துறையின் கணினிப் பதிவிலும் அதே ஆண்டுதான். ஆனால் என் பாட்டனார் இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து வாங்கிய சான்றிதழ் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதில் ஆண்டு 1938 என்றும், பள்ளியின் பெயர் ‘ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை’ என்றும் உள்ளது. ஊரில் வயதில் மூத்தவர்களோ, அதற்கும் முன்பே பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு வாத்தியார் பாடம் நடத்தினார், அதுதான் பிறகு பள்ளியாயிற்று என்கிறார்கள்.

முன்னாள் மாணவர்கள் சிலர் கூடி நூற்றாண்டு விழா எடுக்க விரும்புகிறோம். கல்வெட்டு ஒன்று வைப்பதாகவும் முடிவாகியிருக்கிறது. கல்லில் எந்த ஆண்டைப் பொறிப்பது என்பதில்தான் சிக்கல். இது போன்ற சிறு பள்ளிகளின் வரலாற்றை முறையாகத் தேடியவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

நான் 34 ஆண்டுகள் ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பலகையில் உள்ள 1961 பள்ளி பிறந்த ஆண்டாக இருக்க வாய்ப்பில்லை, அது பள்ளி கைமாறிய ஆண்டு. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் 1960 அக்டோபர் 2 தொடங்கி ஓராண்டு காலத்தில் படிப்படியாக அமைக்கப்பட்டபோது, அதுவரை மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்புகளான ஜில்லா போர்டுகளின் பொறுப்பில் இருந்த தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களிடம் வந்தன. புதிய நிர்வாகம் புதிய முத்திரை செய்தது, புதிய பதிவேடு திறந்தது, பலகையையும் மாற்றி எழுதியது. பிற்காலத்தில் யாரோ ஒரு தலைமையாசிரியர் ‘தொடங்கிய ஆண்டு’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டி வந்தபோது, கையில் கிடைத்த மிகப் பழைய பதிவேட்டின் முதல் தேதியை எழுதியிருப்பார். அதன் பிறகு ஒவ்வொரு படிவமும் முந்தைய படிவத்தைப் பார்த்தே நிரப்பப்பட்டிருக்கும். நானே அப்படி நிரப்பியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜில்லா போர்டு என்ற பெயரையும் அப்படியே முதற்பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டபோது அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுகளுக்குப் போயின. ஆகவே 1938இல் ஜில்லா போர்டு பள்ளியாக இருந்தது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் தாலுகா போர்டு பள்ளியாக இருந்திருக்கலாம். அதற்கும் முன் மானியம் பெற்ற தனியார் பள்ளியாகவும் இருந்திருக்கலாம்.

பள்ளியின் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சேர்க்கை நீக்கல் பதிவேடு எத்தனை தொகுதி இருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய தொகுதியின் முதல் பக்கத்தில் ஒரே தேதியில் முப்பது நாற்பது பிள்ளைகள் எல்லா வகுப்புகளிலும் சேர்ந்ததாக இருந்தால், அது பள்ளி தொடங்கிய நாள் இல்லை, பதிவேடு மாறிய நாள். முதல் வகுப்பில் மட்டும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, அடுத்த ஆண்டு மேலும் சிலர் வந்து, இரண்டாம் வகுப்பு பிறந்திருந்தால்தான் அது உண்மையான தொடக்கம்.

ஓலைச்சுவடி எழுதியது:

அம்மையார் சொன்னது மிகச் சரி. ஆனால் அரசாங்கத்தின் முத்திரை விழுந்த நாளிலிருந்துதான் பள்ளி தொடங்குகிறது என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கோயில் மண்டபத்து வாத்தியாரை ஏன் கணக்கில் விட வேண்டும்?

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். வந்து சேர்ந்த விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர், அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இவற்றில் பெரும்பாலானவை திண்ணையிலும் மரத்தடியிலும் மண்டபத்திலும் நடந்தவை. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு பனையோலைக்கு வந்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் மனப்பாடம் செய்து, எண்சுவடியில் முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு வரை கணக்குப் போடக் கற்றான். வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லாகவும் வந்தது, பணமாகவும் வந்தது. நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் மானம்பூப் பாட்டோடு வீடு வீடாகச் சென்று அவருக்குக் காணிக்கை சேர்த்துக் கொடுத்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியில் அதைச் செய்து பார்த்து, 1797இல் இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பரவியது.

1854க்குப் பிறகு உதவி மானியம் வந்தபோது இப்படிப்பட்ட திண்ணைகளில் பல அங்கீகாரம் பெற்று மானியப் பள்ளிகளாயின. அதே வாத்தியார், அதே இடம், அதே பிள்ளைகள். ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மானியம் தந்த காலமும் ஒன்று உண்டு. எனவே மண்டபத்துப் பள்ளிக்கும் போர்டு பள்ளிக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருந்தால், ஏரிக்கரை நண்பர் நூற்றாண்டு என்ன, நூற்றைம்பதாம் ஆண்டே கொண்டாடலாம்.

கடைசி பெஞ்சு எழுதியது:

ஓலைச்சுவடி ஐயாவின் பதிவைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த மண்டபத்தில் ஏறி உட்கார யாருக்கு அனுமதி இருந்தது?

நான் காலனியில் பிறந்தவன். எங்கள் ஊரிலும் இதே போலக் கோயிலை ஒட்டி ஒரு திண்ணைப் பள்ளி இருந்ததாகச் சொல்வார்கள். என் கொள்ளுப்பாட்டன் காலத்தில் எங்கள் தெருவார் அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்க முடியாது. அந்தப் பள்ளியின் ஆண்டைக் கல்லில் வெட்டி ‘நம் ஊர்ப் பள்ளி’ என்று எழுதினால், அந்த ‘நம்’ என்ற சொல் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறதா?

1919இல் தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி அமர்த்தப்பட்டு, அந்தப் பணி தொழிலாளர் துறையாக வளர்ந்தபோது, ஊர்ப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகச் சேரியிலேயே பள்ளிகள் திறக்கப்பட்டன. எங்கள் பெரியவர்கள் அதை ‘லேபர் ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஊரில் அரை மைல் இடைவெளியில் இரண்டு சிறு பள்ளிகள் ஏன் இருக்கின்றன என்று இன்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, ஒன்றை மூடி மற்றொன்றோடு இணைக்கலாம் என்று கோப்பில் எழுதுவது எளிது. அந்த அரை மைலைக் கடக்க எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

ஆகவே ஏரிக்கரை தோழரிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டைத் திறக்கும்போது முதல் பக்கத்தின் தேதியோடு நிறுத்திக்கொள்ளாமல், சாதி என்ற கட்டத்தையும் இருப்பிடம் என்ற கட்டத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். காலனியிலிருந்து முதல் பிள்ளை சேர்ந்த தேதி எங்காவது இருக்கும். முதல் பெண் பிள்ளையின் பெயரும் இருக்கும்.

தாமிரபரணி எழுதியது:

தெற்கே எங்கள் பக்கத்தில் கதை சற்று வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர்களில் ‘டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி’ என்ற பலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலி திருமண்டலத்தின், அதாவது பேராயரின் கீழுள்ள திருச்சபை வட்டாரத்தின், அறக்கட்டளைப் பெயர் அது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியஸ் ஐயர் காலத்திலிருந்தே, ஒரு குடியிருப்பில் பத்துக் குடும்பம் சபையில் சேர்ந்தால் அங்கே முதலில் எழும்புவது ஓலைக் கூரையிட்ட ஒரு கட்டடம்தான். ஞாயிற்றுக்கிழமை அது செபக் கூடம், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், உபதேசியாரே வாத்தியார். எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சேர்க்கைப் பதிவேடு காலத்தால் பிந்தியது, ஆனால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு அதற்கு முந்தியது. அதில் தகப்பனார் தொழில் ‘பள்ளி உபாத்தியாயர்’ என்று குறிக்கப்பட்ட ஒரு வரியைக் கொண்டுதான் நாங்கள் பள்ளியின் இருப்பை உறுதி செய்தோம்.

உங்கள் ஊரில் மிஷன் இல்லை என்றாலும் பத்திரப் பதிவு அலுவலகத்தை மறந்துவிடாதீர்கள். பள்ளி நிற்கும் மனையை யாராவது தானமாக எழுதிக் கொடுத்திருந்தால் தேதியோடு சான்று கிடைக்கும். புறம்போக்கு நிலமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் பள்ளிக்கூடம் என்று குறித்திருப்பார்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

கடைசி பெஞ்சு நண்பரின் கேள்வி நியாயமானது. நான் மேற்கோள் காட்டிய மன்றோ கணக்கிலேயே அதற்கான சான்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டது என் குறை. 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஆட்சியர்கள் அனுப்பிய பட்டியல்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று கட்டம் பிரித்தவை. தமிழ் மாவட்டங்களில் சூத்திரர் என்ற கட்டத்தில்தான் பிள்ளைகள் மிகுதி. அதனால் அக்காலப் பள்ளி பிராமணருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதும் சரியன்று. ஆனால் அந்தக் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு சேரிப் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்தார்கள் என்று யாரும் வாதிட முடியாது. மன்றோவே, பள்ளி வயதுச் சிறுவரில் நான்கில் ஒரு பங்கினர்தான் பள்ளியில் இருக்கின்றனர், வீட்டில் கற்போரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று கணித்தார். நாம் பெருமையாகச் சொல்லும் எண்ணுக்குள்ளேயே வெளியே நின்றவர்களும் இருக்கிறார்கள்.

இருந்தாலும் திண்ணைப் பள்ளியை வரலாற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை ஏற்க இயலவில்லை. அது இருந்தது, இன்னாருக்கு இருந்தது, இன்னாருக்கு இல்லை என்று எழுதுவதே முறை.

வைகைக்கரை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் இன்றும் பள்ளிகள் உள்ளன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகத்தையே கைரேகை வைக்கச் சொன்ன அதே அரசு, 1920ஐ ஒட்டி அந்த மக்களுக்குப் பள்ளியும் திறந்தது. எங்கள் பள்ளியின் நோக்கம் எங்களைத் ‘திருத்துவது’ என்றுதான் பழைய கோப்பில் இருக்கும். ஆனாலும் எங்கள் ஊரார் அந்தப் பெயரை மாற்ற விடமாட்டார்கள். சிறுமைப்படுத்திய பெயர் பிறகு உரிமையின் பெயராகிவிட்டது. எனவே பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்து ஒரு பள்ளியின் குணத்தை முடிவு செய்ய முடியாது.

சுண்ணக்கட்டி எழுதியது:

நடுவில் உள்ள காலத்தையும் யாராவது பேச வேண்டும். 1953 ஜூனில் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, காமராசர் முதலமைச்சரானதும் 1954 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. ஓராண்டுகூட முழுமையாக நீடிக்காத திட்டம் என்றாலும், அந்த ஆண்டின் பார்வைப் புத்தகம் உங்கள் பள்ளியில் தப்பிப் பிழைத்திருந்தால், டெபுடி இன்ஸ்பெக்டர் என்ன எழுதிவிட்டுப் போனார் என்று அவசியம் பாருங்கள். ஒரு சிற்றூர்ப் பள்ளி பெரிய அரசியலை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று இல்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் போர்டு பள்ளி ஆசிரியர்களுக்கும் மானியப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்து வழங்கப்பட்டன. அதுவரை வயதாகி நின்றுபோன வாத்தியாருக்கு ஊரார் இரங்கிக் கொடுப்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. 1956–57இல் மதிய உணவு தொடங்கியபோது ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. ஆறு காசு அரசு தரும், நான்கு காசு ஊர் தர வேண்டும். பின்னர் 1961இல் கேர் என்னும் அமெரிக்க உதவி நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் கொடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. இவற்றுக்கெல்லாம் விழா மேடையில் நன்றி சொல்வார்கள். நான் கேட்பது, அந்த நான்கு காசை உங்கள் ஊரில் யார் கொடுத்தார்கள் என்பது. யார் நெல் அளந்தார்கள், யார் சமைத்தார்கள், சமைத்தவர் எந்தத் தெரு என்பதால் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வீட்டுக்குப் போயிற்று? எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் உட்காருங்கள். பதிவேடு பெட்டியில் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய பதிவேட்டின் பிறந்த தேதிகளை நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எழுதிய காலம் அது. பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்த நாள் வரும்.

ஏரிக்கரை எழுதியது:

இருபது நாட்கள் கழித்து வருகிறேன், பொறுத்தருள வேண்டும். தலைமையாசிரியையின் இசைவோடு இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து பார்த்தேன்.

மிகப் பழைய தொகுதியின் முதல் இதழ்கள் கரையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பதில் படிக்க முடிகிற முதல் சேர்க்கை எண் 112, ஆண்டு 1931. ஆக, பள்ளி 1931க்கு முந்தியது என்பது மட்டும் உறுதி. ஆண்டுக்குச் சராசரி பத்துப் பன்னிரண்டு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். அதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் 1920களின் தொடக்கம் வருகிறது. ஆனால் இது என் ஊகம், கல்லில் வெட்டத் தக்கதன்று. மனைக்குத் தானப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசி பெஞ்சு சொன்னபடி இருப்பிடக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘சேரி’ என்ற சொல் முதன்முதலாக வருவது 1947 ஜூனில். ஒரே நாளில் மூன்று பிள்ளைகள், மூவரும் ஆண். நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் மூவருக்கும் ‘நீண்ட நாள் வராமையால் பெயர் நீக்கம்’ என்று அதே ஆண்டு நவம்பரிலேயே எழுதியிருக்கிறது. நவம்பர் எங்கள் பக்கத்தில் நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதம். வேலைக்குப் போனார்களா, போகும்படி செய்யப்பட்டார்களா என்று பதிவேடு சொல்லவில்லை. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தச் சொல் வரவில்லை. 1956இல் திரும்ப வருகிறது. இந்த முறை ஐந்து பேர், அவர்களில் ஒரு பெண் பிள்ளை. ஐவரில் நால்வர் ஐந்தாம் வகுப்பு வரை முடித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் பிள்ளை இன்றும் இருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில். நான் இத்தனை வயதுவரை அவரிடம் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போய்க் கேட்டேன். சோற்றுக்காகத்தான் அனுப்பினார்கள் என்று சிரித்தார். தனி வரிசையில் உட்கார வைத்தார்களா என்றேன். “வரிசையில் இல்லை, வாசலில்” என்றார். எந்த ஆசிரியர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார் என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது, ஆனால் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

விழாக் குழுவில் இதையெல்லாம் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. ‘விழா எடுக்கப் போனால் வழக்கு எடுத்து வருகிறாயே’ என்றார் ஒரு பெரியவர். கல்வெட்டு இப்போதைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. 1961ஐ மட்டும் பலகையிலிருந்து அழிக்கலாம் என்று அனைவரும் ஒப்புக்கொண்டார்கள், அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பதில்தான் இன்னும் மூன்று கட்சி.

கடைசி பெஞ்சு எழுதியது:

தோழர், அந்த மூன்று பிள்ளைகளின் பெயர்கள் படிக்கும்படி இருக்கின்றனவா? இருந்தால் இங்கே வெளியிட வேண்டாம். அவர்கள் குடும்பத்தாரிடம் அந்தப் பக்கத்தின் படியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஐந்து மாதமாவது தங்கள் பாட்டனார் அந்தப் பள்ளிக்குப் போனார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சுண்ணக்கட்டி எழுதியது:

கரையான் அரித்த தொகுதி என்கிறீர்கள், ஆகையால் அவசரமாக ஒரு செய்தி. நல்லெண்ணத்தில் யாரும் அதை லேமினேட் செய்துவிடக் கூடாது, கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவும் கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். தாளை வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். சன்னலோர வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் முழு ஓரம் தெரியும்படி படம் எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். படங்களின் ஒரு படி பள்ளியிலும் ஒரு படி ஊர் நூலகத்திலும் இருக்கட்டும். மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாத அலமாரித் தட்டில் வையுங்கள். இரும்புப் பெட்டியானாலும் மண் தரையில் வைத்திருந்தால் அடியில் துருப்பிடித்து, கரையான் மறுபடி அந்த ஓட்டை வழியாகவே ஏறும்.